பெட்ரோலை மாற்றிய கதை: மத்திய ஆஸ்திரேலியாவும் ஓப்பல் எரிபொருளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஊர். வடக்கே டார்வின், தெற்கே அடிலெய்ட், இரண்டுமே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். சுற்றிலும் சிவப்பு மண், முள்புல், எப்போதாவது ஒரு சாலையோர பங்க். இந்த ஊரில் வண்டியை நிறுத்திச் சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் விலையிலும் ஓட்டத்திலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சிட்னியில் போடுகிற பெட்ரோலும் இதுவும் ஒன்றல்ல. சாதாரணப் பெட்ரோலில் அரோமேட்டிக் சேர்மங்கள், அதாவது பென்சீன் குடும்பம், 25 விழுக்காடு, சில நேரம் அதற்கும் மேல். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பெட்ரோலில் 5 விழுக்காடு அளவுதான். எஞ்சினுக்காக யாரும் இதை மாற்றவில்லை. பெட்ரோலை முகர்ந்து முகர்ந்து நடை தளர்ந்து, பேச்சுக் குழறி, சிலர் செத்தும் போன பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக மாற்றினார்கள்.

நான் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவன். தமிழில் ஒரு வசதி உண்டு: பருப்பொருள், தூய பொருள் என்று வேதியியலில் சொல்லிக்கொடுப்பதும் பொருள்தான், ஜூன் 26 அன்று காலைக் கூட்டத்தில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பதும் போதைப்பொருளைப் பற்றித்தான். ஆனால் இந்த இரண்டு பொருளும் பள்ளிக்கூடத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. ஒன்றுக்கு மூலக்கூறு வாய்பாடு எழுதுகிறோம். மற்றதற்கு மண்டையோட்டுப் படம் வரைகிறோம். அவை இரண்டும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு நிகழ்வு என்பதால்தான் ஓப்பல் என்ற அந்த மாற்றுப் பெட்ரோலை ஆய்வுக்கு எடுத்தேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் எதை எப்படி முகர்ந்தார்கள் என்ற செய்முறை இந்தக் கட்டுரையில் வராது. அது தெரியாமலேயே இந்த நிகழ்வை முழுதாகப் புரிந்துகொள்ளலாம்.

பிரச்சினை எங்கே, யாரிடம்

ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்களில் பெட்ரோல் முகர்தல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டித் தொடங்கியது என்று சொல்வார்கள். வடக்கே முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களைப் பார்த்துப் பழகியது என்பது பலரும் சொல்லும் விளக்கம். எப்படி வந்திருந்தாலும், 1970களுக்குப் பிறகு அது பாலைவனத்து ஊர்களில் ஒட்டிக்கொண்டது. எல்லா ஊரிலும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மேகி பிரேடி என்ற மானுடவியலாளர் இந்த வேறுபாட்டை வரைபடமாகவே போட்டுப் பார்த்தார். மாட்டுப் பண்ணைகளில் தலைமுறையாக வேலை பார்த்த சமூகங்களில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் வேர்விடவில்லை. மிஷன்களும் அரசுக் குடியிருப்புகளும் இருந்த இடங்களில் பரவியது. தன் உழைப்புக்கு மதிப்பு இருந்த இடம், இல்லாத இடம் என்று இதைப் படிக்கலாம். வேதியியலில் இதற்கு விடை இல்லை. இதை இங்கேயே சொல்லி வைப்பதற்குக் காரணம், பின்னால் வரும் வெற்றிக் கதையில் இது மறந்துபோய்விடக் கூடாது.

2002இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் மரண விசாரணை அதிகாரி வெய்ன் சிவெல், பாலைவனத்துக்குள் உமுவா என்ற இடத்துக்கே போய் மூன்று இளையோரின் மரணத்தை விசாரித்தார். 2005இல் வட பிரதேசத்தின் கிரெக் கவனா அதே மாதிரி முடிட்ஜுலு ஊரில் உட்கார்ந்து விசாரித்தார். முடிட்ஜுலு உலகமே படம் பிடிக்கும் உலுரு பாறையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சூரிய அஸ்தமனம் பார்க்க வரும் பயணிகளின் விடுதிகள். சில கிலோமீட்டர் தள்ளி இந்த விசாரணை. இறந்தவர்களின் பெயரை நான் எழுதவில்லை. அந்த மக்களின் வழக்கத்தில் இறந்தவர் பெயரை உச்சரிப்பதில்லை. அதற்குப் பதிலாக ‘குன்மனாரா’ போன்ற ஒரு பொதுச் சொல்லை வைக்கிறார்கள்; அரசு ஆவணங்களிலும் அப்படியே வருகிறது.

பெட்ரோலுக்குள் என்ன

பெட்ரோல் ஒரு சேர்மம் அல்ல. நாலு கார்பனிலிருந்து பன்னிரண்டு கார்பன் வரை கொண்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. நேர்ச்சங்கிலி ஆல்கேன், கிளைத்த ஆல்கேன், வளைய ஆல்கேன், அப்புறம் பென்சீன் குடும்பம்: பென்சீன், டொலுவீன், சைலீன். நல்ல எஞ்சினுக்கு ஆக்டேன் எண் வேண்டும். அதாவது அழுத்தும்போது நேரத்துக்கு முன்னால் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டக் கூடாது. நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0, கிளைத்த ஐசோ ஆக்டேனுக்கு 100 என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். டொலுவீன் இந்த அளவுகோலில் 100ஐயே தாண்டிவிடும். அதனால் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த நாப்தாவை வினையூக்கி மேல் ஓட்டி அரோமேட்டிக்குகளாக மாற்றி, அதைக் கலந்து ஆக்டேனை ஏற்றுகிறார்கள்.

இதற்கு முன்னால் வேறொரு குறுக்குவழி இருந்தது. 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் எஞ்சின் தட்டலைத் தடுக்கும் என்று தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ராஎத்தில் லெட். ஒரு ஈய அணு, அதைச் சுற்றி நாலு எத்தில் தொகுதி. துளியளவு கலந்தாலே எஞ்சின் தட்டாது. சாதாரண ஈய உப்பு மூளைக்குள் எளிதில் நுழையாது. ஆனால் நாலு எத்தில் தொகுதிகள் போர்த்திய ஈயம் கொழுப்பில் கரையும், நேரே மூளைக்குப் போகும். முகரும் பழக்கம் இருந்த ஊர்களிலிருந்து வலிப்பும் சித்தப்பிரமையுமாகப் பிள்ளைகள் டார்வின் மருத்துவமனைக்கு வந்ததற்கு அந்தக் காலத்தில் ஈயமும் ஒரு பெரிய காரணம். ஆஸ்திரேலியாவில் 2002 தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை முடிந்தது. நல்லதுதான். ஆனால் ஈயம் இல்லாமல் ஆக்டேனை ஏற்ற வேண்டுமென்றால் அரோமேட்டிக்குகளின் உதவி வேண்டும். ஒரு விஷம் வெளியே போக, போதையைத் தருகிற பொருள் கலவையில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நுரையீரலின் காற்றறைகள் எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு பெரிய வீட்டுத் தரையளவு பரப்பு வரும். ஆவியாக உள்ளே போகும் டொலுவீன் அந்தப் பரப்பு முழுவதிலும் இரத்தத்தில் கலந்து, சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. வயிற்றுக்குள் போகும் பொருள் முதலில் கல்லீரல் என்ற சுங்கச்சாவடியைக் கடக்க வேண்டும். மூச்சில் போவதற்கு அந்தத் தடை இல்லை. மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. ‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்று ஆய்வகத்தில் எண்ணெயையும் தண்ணீரையும் காட்டிச் சொல்லித்தருகிறோமே, அந்த விதிதான் இங்கேயும். நரம்பு செல்களுக்கு இடையே செய்தியைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பிகளை டொலுவீன் அடக்குகிறது, அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளைக் கூட்டுகிறது. மது செய்வதற்கு நெருங்கிய வேலை. வேகமாக ஏறும், வேகமாக இறங்கும். இறங்கியதும் திரும்ப.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பிடித்த என்ற சொல் இந்த இடத்தில் சரியா என்று தெரியவில்லை. டொலுவீனை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் சூடாக்கினால் பக்கச்சங்கிலி மெத்தில் தொகுதி ஆக்சிஜனேற்றமாகி பென்சாயிக் அமிலம் வரும் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள், இரண்டு மதிப்பெண். கல்லீரலும் அதையேதான் செய்கிறது. பெர்மாங்கனேட் இல்லை, சூடும் இல்லை, நொதிகளை வைத்துப் படிப்படியாக பென்சைல் ஆல்கஹால், பென்சால்டிஹைடு, பென்சாயிக் அமிலம். பிறகு அதோடு கிளைசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து, ஹிப்பூரிக் அமிலமாகச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பென்சீனுக்கு அந்த மெத்தில் கைப்பிடி கிடையாது. பிடிக்க வேறு இடம் இல்லாமல் கல்லீரல் வளையத்தையே உடைக்கப் பார்க்கிறது. அப்போது பிறக்கும் துணைப்பொருள்கள் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஒரே ஒரு மெத்தில் தொகுதி இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

மெத்தில் இருப்பதால் டொலுவீன் சாது என்று நினைத்துவிடக் கூடாது. கல்லீரல் கழுவி முடிப்பதற்குள் அது செய்ய வேண்டியதைச் செய்துவிடும். நாள்கணக்கில் இழுப்பவர்களின் சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்ற முடியாமல் திணறும், இரத்தத்தில் பொட்டாசியம் தாழும், கைகால் துவண்டு விழும். வருஷக்கணக்கில் போனால் மூளையின் வெண்பொருள் கெடும். நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது, மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை மாதிரி. அது சிதைந்தால் நடை தள்ளாடும், கை நடுங்கும், பேச்சு இழுக்கும், நினைவு நிற்காது. இந்த உறை போர்த்தும் வேலை இருபது வயதைத் தாண்டியும் நடந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு வயதில் முகர ஆரம்பிப்பவன் பாதி கட்டிய வீட்டில் அமிலம் ஊற்றுகிறான். பெட்ரோலில் உள்ள நேர்ச்சங்கிலி ஹெக்சேன் தனியாக வேறொரு கேடு செய்யும். உடலில் அது ஒரு டைகீட்டோனாக மாறி கைகால் நரம்புகளை முடக்குகிறது.

நாள்பட்டால்தான் ஆபத்து என்று யாரும் கணக்குப் போட முடியாது. 1970இல் அமெரிக்க மருத்துவர் மில்லார்ட் பாஸ், கரைப்பான் முகர்ந்து திடீரென்று இறந்த 110 இளையோரின் விவரத்தை வெளியிட்டார். இந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு மிகையாகத் துள்ள வைக்கின்றன. அந்த நேரத்தில் யாராவது கத்தினாலோ, துரத்தினாலோ, பயந்து ஓடினாலோ பாய்கிற அட்ரினலின் போதும், துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். முதல் தடவையிலும் நடக்கலாம். வாத்தியார்களுக்கும் பெற்றோருக்கும் நான் தனியாகச் சொல்வது இது: மயக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பிடித்து உலுக்காதீர்கள், விரட்டாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் அமைதியாக உட்கார வைத்து, 108க்குச் சொல்லுங்கள். நம் ஊரில் இதற்கு நேர்மாறாகத்தான் முதலில் செய்வோம்.

ஓப்பலுக்கு முன் செய்து பார்த்தவை

பிடிக்கக் கூடிய எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்தார்கள். பெட்ரோல் டேங்குக்குப் பூட்டு, பங்கைச் சுற்றி இரும்பு வலை, இரவுக் காவல், அறிவுரை, அடி, போலீஸ். பெட்ரோலில் நாற்றமடிக்கும் பொருளைக் கலந்தும் பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. எல்லா வண்டியிலும் இருக்கும் ஒரு பொருளை எப்படிப் பூட்டி வைப்பது?

நிலைத்தவை இரண்டு முயற்சிகள். ஒன்று, ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 290 கிலோமீட்டரில் இருக்கும் யுவெண்டுமு. வார்ல்பிரி மக்களின் ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுபது பேர் அளவில் இளையோர் முகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று பாருங்கள். 1994இல் ஊர்ப் பெரியவர்களே ஒரு முடிவெடுத்தார்கள். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மவுண்ட் தியோ என்ற தங்கள் பூர்வீக நிலத்துக்கு அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். நடந்து திரும்பி வர முடியாத தூரம். அங்கே ஒரு மூத்த தம்பதி அவர்களை வைத்து வேட்டை, விறகு, கதை, சடங்கு என்று வளர்த்தார்கள். ஊரிலோ மீதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் டிஸ்கோவும் இரவு நிகழ்ச்சிகளுமாக ஓயாமல் ஏதாவது நடந்தது. சில வருடங்களில் யுவெண்டுமுவில் பழக்கம் ஏறக்குறைய அற்றுப்போனது. ஓப்பல் வருவதற்கு முன்பே, பெட்ரோலை மாற்றாமலேயே. இந்த நிகழ்வைச் சொல்லும் பலர் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது முயற்சி ஓப்பலின் நேரடி முன்னோடி. வடக்குக் கடற்கரையோரம் மனிங்கிரிடா என்ற ஊரில் 1993இல் பெட்ரோலை நிறுத்திவிட்டு, சிறு விமானங்களுக்குப் போடும் ஆவ்காஸ் எரிபொருளை வண்டிகளுக்குக் கொடுத்தார்கள். அதை முகர்ந்தால் போதை வருவதற்குப் பதில் தலைவலியும் வயிற்றுப் பிடிப்பும்தான் வந்தன. கூடவே இளைஞர்களுக்கு வேலையும் பயிற்சியும் தந்தார்கள். பழக்கம் நின்றது. 1998இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு இதற்கு மானியமும் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் ஆவ்காஸில் இருப்பது நாம் மேலே பார்த்த அதே ஈயம். புதிய கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியை ஈயம் பாழாக்கிவிடும். ஒதுக்குப்புறமான ஊருக்குச் சரி, நெடுஞ்சாலைப் பங்குக்கு இது ஆகாது. வேண்டியது என்ன என்பது மட்டும் தெளிவாகிவிட்டது: ஈயமும் இல்லாமல், அரோமேட்டிக்கும் குறைவாக, ஆக்டேனும் 91 இருக்கிற ஒரு பெட்ரோல்.

ஓப்பல்

2005இல் பிபி என்ற எண்ணெய் நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. பெயர் ஓப்பல், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் தோண்டியெடுக்கும் ரத்தினக்கல்லின் பெயர். அரோமேட்டிக் 5 விழுக்காடு அளவு. ஆக்டேனைத் தாங்குகிற பாரத்தைக் கிளைத்த ஆல்கேன்கள் ஏற்றுக்கொண்டன. அந்த மாதிரி கலவை தயாரிக்கவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகவும் கூடுதல் செலவாகும். அந்தக் கூடுதலை மத்திய அரசு ஏற்றது, அதனால் பங்கில் விலை ஏறவில்லை. வேதியியலில் இது சின்ன மாற்றம்தான். இதே கலவையை வேறு யாராவது இருபது வருஷம் முன்பே செய்திருக்கலாம். செய்யச் சொல்லிக் கேட்க யாரும் இல்லை.

கேட்டவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று மாநில எல்லைகளில் வாழும் பெண்கள் 1980இல் தொடங்கிய என்பிஒய் பெண்கள் பேரவை. 2002இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கிய கேலஸ் என்ற இளையோர் சேவை. தங்கள் பேரப்பிள்ளைகள் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிகள். ஓப்பல் முதலில் பழங்குடி ஊர்களுக்கு மட்டும் என்று வந்தபோது இவர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குள் ஓப்பல், நெடுஞ்சாலை பங்கில் பழைய பெட்ரோல் என்றால் என்ன ஆகும்? ஒரு கேன் போதும், நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து யாராவது ஒருவன் கொண்டுவந்து விற்றுவிடுவான். ஆகவே வட்டாரம் முழுக்க, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் உட்பட, மாற்ற வேண்டும் என்றார்கள். உலுருவின் விடுதிகளை நடத்திய நிறுவனமும் இவர்களோடு சேர்ந்தது.

அரசை அசைத்தது கண்ணீர் மட்டும் இல்லை, கணக்கும்தான். 2006இல் அக்சஸ் எகனாமிக்ஸ் என்ற பொருளாதார ஆலோசனை நிறுவனம் இவர்களுக்காக ஒரு மதிப்பீடு போட்டது. மத்திய ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் முகர்தலால் ஆகும் செலவு – மருத்துவம், ஊனம், காவல், சிறை, அகால மரணம் – ஆண்டுக்கு ஏறக்குறைய 7.9 கோடி ஆஸ்திரேலிய டாலர். பெட்ரோலை மாற்றும் செலவு அதைவிட மிகக் குறைவு. அடுத்த ஆண்டு வாக்கில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பங்குகளிலும் சாதாரண பெட்ரோலின் இடத்தில் ஓப்பல் வந்துவிட்டது. சினிமாவில் காட்டுவது போல ஒரு பாட்டியின் பேச்சைக் கேட்டு மந்திரி மனம் மாறியதாக எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை; எக்செல் தாள்தான் நடத்தியது.

ஓட்டைகள்

எல்லாப் பங்கும் ஒத்துழைக்கவில்லை. நெடுந்தொலைவில் தன்னந்தனியாக நிற்கும் சில சாலையோரப் பங்குகள் ஓப்பலை விற்க மறுத்தன. எஞ்சின் கெடும் என்றார்கள், புல்வெட்டியும் படகு மோட்டாரும் நின்றுபோகும் என்றார்கள், எனக்கு எதை விற்க வேண்டும் என்று அரசு சொல்வதா என்றார்கள். கடைசிக் கேள்வி மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. ஆனால் அப்படி மறுத்த ஒரு பங்கைச் சுற்றி நூறு கிலோமீட்டரில் இருக்கும் ஊர்களில் மறுபடி மறுபடி பழக்கம் தலைதூக்கியதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மேலவையின் குழு ஒன்று 2006இலும் 2009இலும் இதை ஆராய்ந்தது. முடிவில் பசுமைக் கட்சியின் ரேச்சல் சீவர்ட் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2013இல் குறை அரோமேட்டிக் எரிபொருள் சட்டமாயிற்று. ஒரு வட்டாரத்தை அறிவித்தால் அங்கே சாதாரணப் பெட்ரோல் விற்பதை அமைச்சர் தடுக்கலாம். தன்னார்வத்தில் தொடங்கிய திட்டம் சட்டத்தில் போய் நிற்க எட்டு வருஷம் ஆனது.

வேதியியல் பக்கத்திலும் ஓர் ஓட்டை இருந்தது, இருக்கிறது. ஓப்பல் பாதுகாப்பான பொருள் இல்லை. அதிலும் ஹைட்ரோகார்பன் ஆவிதான். மூச்சை அடைக்கும், தீப்பிடிக்கும், இதயத்தையும் தடுமாற வைக்கும். போதை தராத பெட்ரோல் என்று ஒரு கட்டத்தில் பேச்சு பரவியது. ‘போதை குறைந்த’ என்பதற்கும் ‘தராத’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் விளம்பர மொழியில் காணாமல் போகும்.

மாற்றத்துக்குப் பின்

திட்டத்தை அவ்வப்போது வெளி ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் எண்ணிப் பார்த்தார்கள். 2008இல் வந்த மதிப்பீட்டில் 20 ஊர்களில் முகர்வோர் எண்ணிக்கை 70 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்கடுத்த பெரிய ஆய்வில் 88. பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து எண்ணப்பட்ட ஊர்களில், 2018 வரையான கணக்கில் 95க்கும் மேல். போதைப்பழக்கத் தடுப்பில் இவ்வளவு சரிவைக் காட்டும் திட்டங்கள் உலகில் அதிகம் இல்லை.

இந்த எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஓப்பல் தனியாக வரவில்லை. 2005இல் அரசு போட்ட எட்டு அம்சத் திட்டத்தில் பெட்ரோலோடு காவல், சிகிச்சை, இளையோருக்கான நிகழ்ச்சிகள் எல்லாம் சேர்ந்திருந்தன. வட பிரதேசம் அதே ஆண்டில், முகரும் பொருளைப் பறிமுதல் செய்யவும் ஆளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகவும் சிகிச்சைக்கு உத்தரவிடவும் வழிசெய்யும் சட்டம் இயற்றியது, முகர்வதைக் குற்றமாக்கவில்லை. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. யுவெண்டுமுவை நினைத்தால் பெட்ரோலை மாற்றாமலும் முடியும். சாலையோரப் பங்குகளை நினைத்தால் நல்ல இளையோர் மையம் இருந்த ஊரும் ஒரு கேன் பெட்ரோலில் சரிந்திருக்கிறது. என் ஊகம் இதுதான்: பெட்ரோல் மாறியது பெரியவர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது. தினமும் இரவில் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருந்தவர்கள் அந்த நேரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போக முடிந்தது.

பிள்ளைகள் வேறொன்றுக்குப் போகவில்லையா? போனார்கள். கஞ்சா வந்தது. ஸ்பிரே டியோடரன்ட் வந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்துக் கடைகளில் அதைப் பூட்டிய அலமாரியில் வைத்துக் கேட்டால் எடுத்துத் தருகிற ஏற்பாட்டைக் கடைக்காரர்களோடு பேசிச் செய்ய வேண்டியிருந்தது. இதை வைத்து ‘ஒன்றை அடைத்தால் இன்னொன்று, எல்லாம் வீண்’ என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில் சேதம் அளவோடு இருக்குமானால், நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் உட்காரும் இருபது வயது ஆட்கள் குறைவார்கள். அது ஒரு கணக்கில் வரும் விஷயம்தான்.

நம் பக்கம்

இந்தியாவில் பெட்ரோல் முகர்தல் பெரிய அளவில் இல்லை. அதனால் ஓப்பலைக் கொண்டுவா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இதே குடும்பத்துப் பொருள்கள் இங்கே வேறு புட்டிகளில் இருக்கின்றன. சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வில் ஒரு விவரம் வருகிறது. மது, கஞ்சா, அபின் வகை என்று எதை எடுத்தாலும் பெரியவர்களிடம்தான் பயன்பாடு கூடுதல். முகரும் பொருள் ஒன்றில் மட்டும் தலைகீழ்: 10 முதல் 17 வயதுக்குள் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. காரணம் பெரிய மர்மம் இல்லை. பத்து ரூபாய்க்குக் கிடைப்பது, வயது கேட்காமல் தருவது, பையில் இருந்தாலும் யாரும் சந்தேகப்படாதது எதுவோ அதுதான் பிள்ளைகள் கைக்கு வரும்.

ஓப்பலின் தர்க்கத்தை நாமும் ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறோம், அவ்வளவு பேசப்படாமல். எழுத்தை அழிக்கும் ஒயிட்னரையும் அதற்கான தின்னரையும் புட்டியில் சில்லறையாக விற்பதை 2012இல் மத்திய அரசு தடை செய்தது. குறைந்த அளவு திரவம் கொண்ட பேனா வடிவத்துக்கு மட்டும் இடம் கொடுத்தது. பொருள் அதேதான், கைக்குக் கிடைக்கும் அளவு மட்டும் குறைந்தது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஒயிட்னரும் உலகில் உண்டு, அதுதான் ஓப்பலுக்கு நெருக்கமான பதில். ஆனால் பெயின்ட் தின்னருக்கும் பசைக்கும் அப்படி ஒரே ஆலை, ஒரே குழாய் கிடையாது. தெருவுக்கு நாலு ஹார்டுவேர் கடை. மத்திய ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் வரும் வழி விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்ததால்தான் பெட்ரோலை மாற்ற முடிந்தது என்பதை மறந்துவிட்டு இதை இங்கே அப்படியே நகலெடுக்க முடியாது.

போன வருஷம் ஹைட்ரோகார்பன் பாடத்தில் டொலுவீன் வந்தபோது, ஆக்டேன் எண்ணோடு இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். வழக்கமாகப் பின்வரிசையில் தூங்கும் ஒருவன், “சார், நம்ம பங்க் பெட்ரோல்ல எவ்ளோ சார்?” என்றான். பிஎஸ் 6 விதிப்படி அரோமேட்டிக் 35 விழுக்காடு வரை, அதில் பென்சீன் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றேன். உடனே இன்னொருவன் கேட்டான், “அப்ப பஞ்சர் சொல்யூஷன்ல?” வகுப்பு சட்டென்று அமைதியானது. அந்த அமைதியை நான் கவனித்தேன், அவர்களும் நான் கவனித்ததைக் கவனித்தார்கள். தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் சைக்கிள் கடையில் ஒரு காலி டியூபைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். பெயர் இருந்தது, விலை இருந்தது, எளிதில் தீப்பற்றும் என்று நெருப்புப் படம் இருந்தது. உள்ளே என்ன பொருள் என்று ஒரு வரிகூட இல்லை.